விழுந்து கொடுத்தவள்

நீச்சல்குளத்துக்குக் கீழே ஒரு கூடம் இருக்கிறது என்பது அந்த ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. மேலே தண்ணீரில் குதித்துக் கும்மாளம் போடுகிறவர்களுக்குத் தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. டிக்கெட் ஜன்னலைத் தாண்டி ஈரப் படிகளில் இறங்கினால் ஒரு பக்கம் பம்ப் அறை, எதிர்ப்பக்கம் ஜூடோ கூடம். குளோரின் நெடி மூக்கில் ஏறும். பம்ப் நாள் முழுக்க உறுமிக்கொண்டே இருக்கும். ஓரம் கிழிந்து நூல் தொங்கும் பச்சை மெத்தைகள், துருப்பிடித்த அலமாரி ஒன்று, ஒரு கால் ஆடும் பெஞ்சு. மாஸ்டரம்மாவின் முப்பது வருஷம் அங்கேதான் போயிற்று. போயிற்று என்றுதான் சொல்ல வேண்டும். சாதித்தாள், கொடி நாட்டினாள் என்றெல்லாம் சொன்னால் முதலில் சிரிப்பது அவளாகத்தான் இருக்கும்.

ஜூடோ மாஸ்டர் என்றதும் ஆறடி உயரமும் இரும்பு உடம்புமாக ஒருத்தியை மனசில் வைத்துக்கொண்டால் ஏமாந்து போவீர்கள். குள்ளம். கொஞ்சம் பூசினாற்போல் உடம்பு. ஐம்பத்தேழு வயசு. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் ஏதோ தட்டச்சு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள் என்று நினைத்துக்கொண்டு பென்ஷன் வந்துவிட்டதா என்று விசாரிப்பார்கள். அவளும் வந்துவிட்டது என்று சொல்லிவைப்பாள். விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க யாரால் முடியும்?

அவள் அந்தக் கட்டடத்துக்கு வந்தது டிக்கெட் கிழிக்க. கல்யாணமான புதுசு. கீழே பழைய மாஸ்டர் ஒருவர் நாலைந்து பெண்களுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். தூக்கிப் போட்டுப் பழக ஆள் போதவில்லை. ஒரு நாள் படியேறி வந்து, சும்மா நின்றால் போதும், மற்றதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று ஆசை காட்டிக் கூட்டிப்போனார். மற்றதை அவர்கள் நன்றாகவே பார்த்துக்கொண்டார்கள். அன்று வீட்டுக்குப் போய்ப் படியில் வழுக்கிவிட்டேன் என்று வீட்டுக்காரரிடம் பொய் சொன்னாள். அவர் தையல்காரர். சட்டையைப் பார்த்த மாத்திரத்தில், படியில் வழுக்கினால் காலர் தையல் எப்படிப் பிரியும் என்று கேட்டார். பொய் அந்த நிமிஷமே செத்தது. அன்றிலிருந்து இன்றுவரை கூடத்து உடுப்புகளின் காலரை எல்லாம் தைத்துக் கொடுப்பது அவர்தான். ஊசி உடைகிறது, நூல் தின்கிறது என்று புலம்பாமல் ஒரு காலரும் தைத்ததில்லை.

ஜூடோவில் முதல் பாடம் விழுவது. தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். முதுகு மெத்தையைத் தொடுவதற்குள் கை மெத்தையை ஓங்கி அறைய வேண்டும். அடி கையோடு போய்விடும், தலை தப்பும். அவளுக்கு இது சட்டென்று பிடிபட்டது. ஜெயிப்பதுதான் கடைசிவரை பிடிபடவில்லை. ஒரே ஒரு போட்டிக்குப் போனாள். பார்க்க வந்தவர்கள் நாற்காலி தேடி உட்காருவதற்குள் தோற்று வெளியே வந்துவிட்டாள். அதைப் பற்றி அவளுக்கு வருத்தமும் கிடையாது. ஆனால் விழுவதில் அவளுக்கு ஈடாக ஒருத்தரையும் சொல்ல முடியாது, சும்மா சொல்லக்கூடாது. தூக்கிப் போடும் வீச்சு சரியாக வந்தால் விழுவாள். அரைகுறையாக வந்தால் நட்ட கல்லாக நிற்பாள். பாவம், சின்னப் பெண், ஒரு தடவை விழுந்து கொடுத்தால் சந்தோஷப்படுமே என்ற பேச்சே கிடையாது. அழுத பிள்ளைகள் உண்டு. அம்மாவைக் கூட்டிவந்து சண்டை போட்ட பிள்ளைகள் உண்டு. நான் விழுந்தேன் என்றால் நீ போட்டாய் என்று அர்த்தம், அந்த ஒரு வார்த்தைதான் என்னிடம் இருக்கிறது என்று எல்லோரிடமும் சொல்லிவிடுவாள்.

பழைய மாஸ்டர் போனபின் கூடம் அவள் தலையில் விழுந்தது. வந்தவர்கள் வந்தார்கள், போனவர்கள் போனார்கள். ஒருத்தி போலீஸ் வேலைக்குப் போனாள். இன்னொருத்தி கடல் தாண்டிப் போய் வருஷத்துக்கு ஒரு போன் போடுகிறாள். பெரும்பாலோர் பரீட்சை வந்ததும் நின்றவர்கள்தான். பிறகு எதிரே கண்ணாடி வைத்த பெரிய உடற்பயிற்சி நிலையம் ஒன்று வந்தது. கூடத்தில் சின்னப் பிள்ளைகள் கொஞ்சப் பேரும் ஆபரேட்டரும் மிஞ்சினார்கள்.

ஆபரேட்டர் என்றால் பெரிய ஆஸ்பத்திரியில் போன் இணைப்புக் கொடுக்கிறவள். பிறவியிலிருந்தே கண் தெரியாது. வாய்க்கு அந்தக் குறை எல்லாம் கிடையாது. எந்த டாக்டருக்கும் எந்த நர்சுக்கும் சண்டை, எந்த வார்டில் கஞ்சத்தனம் என்று ஆஸ்பத்திரியே அவள் காதுக்குள் இருந்தது. அவள் வந்தது நீச்சல் கற்க. காதில் தண்ணீர் போனதும் ஊரே அணைந்துபோன மாதிரி இருக்கிறது என்று கத்திக்கொண்டு வெளியே ஏறினாள். காசு கட்டியாயிற்று, திருப்பித் தர மாட்டார்கள், அதற்குப் பதில் கீழே என்ன இருக்கிறது என்று கேட்டாள். அப்படி இறங்கி வந்தவள்தான். வரும்போது வயசு இருபத்தெட்டு.

கண் தெரியாதவர்களுக்கான போட்டியில் ஒரே ஒரு வித்தியாசம். இரண்டு பேரும் ஒருவர் காலரையும் கையையும் ஒருவர் பிடித்துக்கொண்டபின்தான் ஆட்டம் தொடங்கும். பிடி விட்டுப்போனால் நடுவர் நிறுத்தி, மறுபடி பிடிக்க வைப்பார். மற்றபடி சலுகை ஒன்றும் கிடையாது. கற்றுக்கொடுப்பதுதான் பாடு. இப்படிப் பார், அப்படிச் செய் என்ற பேச்சு செல்லாது. மாஸ்டரம்மா அவளைத் தன் இடுப்பில் கை வைக்கச் சொன்னாள், முழங்காலைத் தடவிப் பார்க்கச் சொன்னாள், அவளைப் போட்டாள், பிறகு அவளைத் தன்னைப் போடச் சொன்னாள். நூறு தடவை சொல்வதை உடம்பு ஒரு தடவையில் சொல்லிவிடும். ஆனால் அந்த உடம்பு மாஸ்டரம்மாவுடையதாகத்தான் இருக்க வேண்டியிருந்தது. ஆபரேட்டர் எடைக்கு ஈடு கொடுக்கிற பெரிய ஆள் கூடத்தில் வேறு யாரும் இல்லை.

ஆபரேட்டரின் வீச்சு இடுப்பு வீச்சு. எதிராளியை இழுத்து, அவள் எடையைக் கால்விரல் நுனிக்குக் கொண்டுவந்து, அடியில் புகுந்து, இடுப்பில் ஏற்றிச் சுழற்றிப் போடுவது. அஞ்சாறு வருஷத்தில் அது அவளுக்கு நன்றாக வந்தது. நாட்டு அணிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று செய்தி வந்தபோது அவளுக்கு முப்பத்து நாலு. இதை விட்டால் அடுத்த அணி எடுக்க நாலு வருஷம் ஆகும். அப்போது யார் இருப்பார்களோ, யார் முழங்கால் எப்படி இருக்குமோ. இவளை மட்டும் அனுப்பிவிட்டால் போதும், அதோடு கூடத்தைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டில் கிடக்கலாம் என்று மாஸ்டரம்மா நினைத்தாள். முப்பது வருஷத்தில் அவள் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

ஏன் வீட்டில் கிடக்க ஆசைப்பட்டாள் என்றால், கழுத்து. காலையில் எழுந்தால் தலையை மட்டும் திருப்ப முடியாது. யாராவது கூப்பிட்டால் ஆளே திரும்ப வேண்டும். வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு, வாசலில் காவலுக்கு நிற்கச் சம்பளத்தோடு கூப்பிடுவார்கள் என்று கிண்டல் செய்தார். பிறகு இடது கை விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தபின் கிண்டல் நின்றது. டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்து, எலும்புக்கு நடுவில் இருக்க வேண்டிய பஞ்சு தேய்ந்துவிட்டது, இன்னொரு தடவை ஏடாகூடமாக விழுந்தால் கையும் காலும் சொன்ன பேச்சைக் கேட்காது என்றார். ஒழுங்காக விழுந்தால் என்று அவள் கேட்டாள். அவர் அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கழுத்துப் பட்டை வாங்கிப் போட்டுக்கொள்ளச் சொன்னார்.

அவள் நிறுத்தவில்லை. ஆனால் உடம்பு தன் பாட்டுக்கு ஒரு வேலை செய்யத் தொடங்கிவிட்டது. ஆபரேட்டர் அடியில் புகும்போதே இவள் கால் தானாக ஒரு துள்ளு துள்ளும். அவள் தூக்குவதற்கு முன் இவளே ஏறி, இவளுக்குத் தோதான பக்கமாக, கழுத்துக்கு நோகாமல் விழுந்துவிடுவாள். பார்க்க அழகாக இருக்கும். ஆபரேட்டருக்கு அதைவிட. பறந்தீங்க மாஸ்டரம்மா, இன்னிக்கு எடையே தெரியல என்று பூரித்துப்போவாள். மறுநாள் ஆஸ்பத்திரியில் வார்டு வார்டாக அந்தச் சேதி போகும்.

முதலில் மாஸ்டரம்மா தன்னை அதட்டிக்கொண்டாள். நாளைக்கு ஒழுங்காக நிற்கிறேன் என்று சொல்லிக்கொண்டாள். நாளைக்குக் கழுத்து இன்னும் வலித்தது. பஸ்ஸில் நின்றுகொண்டே வந்து, பிள்ளைகளை மேய்த்து, மெத்தையைத் துடைத்து, அதற்கப்புறம் நட்ட கல்லாக நிற்க ஒரு மனுஷிக்குத் தெம்பு எங்கிருந்து வரும்? போகப் போகத் துள்ளுகிறோம் என்பதே அவளுக்கு மறந்துபோயிற்று. அலுப்பு அப்படித்தான். திருடனைப் போல வராது, வீட்டு ஆள் மாதிரி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

அணித் தேர்வுக்குக் கொஞ்ச நாள் முன்பு பக்கத்து ஊர்க் கிளப்பிலிருந்து ஒருத்தி பழக வந்தாள். தபால் பட்டுவாடா செய்கிறவள், சைக்கிள் மிதித்து மிதித்துக் கால்கள் உறுதி. கண் தெரிந்தவள்தான், ஆனாலும் பிடித்துக்கொண்டே தொடங்கச் சம்மதித்தாள். ஆபரேட்டர் உள்ளே புகுந்தாள். தபால்காரி அசையவில்லை. மறுபடி புகுந்தாள். தபால்காரி, நீங்க ஆரம்பிச்சாச்சா என்று மரியாதையாகக் கேட்டாள். கிண்டல் இல்லை, பாவம், அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

அவள் போனபின் ஆபரேட்டர் சிரித்தாள். மனுஷியா அது, தெருவில் நட்டுவைத்த தபால் பெட்டி, போட்டியில் அப்படி யாரும் வர மாட்டார்கள் என்றாள். மாஸ்டரம்மா கைகளைத்தான் பார்த்திருந்தாள். ஆபரேட்டரின் கைகள் இழுக்கவே இல்லை. அடியில் புகுந்ததும் எதிராளி தானாக ஏறிக்கொள்வாள் என்று அந்தக் கைகள் காத்திருந்தன. அப்படிக் காத்திருக்கச் சொல்லிக்கொடுத்தது யார் என்று தேட வேண்டிய அவசியம் அவளுக்கு இருக்கவில்லை.

அன்று வீட்டில் அதை அப்படியே வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் மிஷின் சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்திவிட்டுக் கேட்டார். உடனே சொல்லிவிடு என்றார். சொன்னால் அவளுக்கு இருக்கிற கொஞ்ச நம்பிக்கையும் உடைந்துவிடும் என்று இவள் சொன்னாள். போட்டி வேகத்தில் தானாக வந்துவிடும் என்று சொன்னாள். இருக்கிற நாளில் திருத்த முடியாது என்றும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு ஒன்றே ஒன்று சொன்னார்.

"சொன்னா நீ நிஜமா விழணும். அதுக்குத்தானே பயப்படறே?"

அவள் எழுந்து அடுப்படிக்குப் போனாள். அவர் சக்கரத்தை விட்டார், மிஷின் ஓடியது.

மிஞ்சிய நாளெல்லாம் அவள் வாயைத் திறக்கவில்லை. ஒவ்வொரு நாளும் படியிறங்கும்போது இன்று சொல்லிவிட வேண்டும் என்றுதான் இறங்கினாள். ஆபரேட்டர் புது உடுப்பு வாங்கியிருந்தாள், அது மொடமொடவென்று இருந்தது. வார்டு நர்சுகள் சேர்ந்து பயணத்துக்கென்று காலணி வாங்கிக் கொடுத்ததைச் சொன்னாள். ஜெயித்து வந்தால் தலைமை டாக்டரே போனில் பேசுவாராம். இவ்வளவையும் கேட்டுவிட்டு எந்த முகத்தோடு சொல்வது? மாஸ்டரம்மா துள்ளினாள், விழுந்தாள், எழுந்தாள். நல்லா இருக்கு என்றாள். அந்த வார்த்தை வாயில் கசந்தது.

தேர்வு நடந்த அரங்கம் பெரியது. எதிரொலி அதிகம், ஆபரேட்டருக்கு அது பிடிக்கவில்லை. பம்ப் சத்தம் இல்லாமல் எந்தப் பக்கம் எது என்று தெரியவில்லை என்று முணுமுணுத்தாள். எதிராளி ரொட்டிக்கடையில் மாவு பிசைகிற பெண், அவளுக்கும் கண் தெரியாது, வயசு குறைவு. நடுவர் இருவர் கையையும் எடுத்துக் காலரில் வைத்தார். ஆட்டம் தொடங்கியது.

ஆபரேட்டர் உடனே புகுந்தாள். வேகமாக, அழகாக, ஒரு பிசகும் இல்லாமல் புகுந்தாள். ரொட்டிக்காரி அப்படியே நின்றாள். ஆபரேட்டர் ஒரு கணம் அந்த நிலையிலேயே இருந்தாள், யாருக்காகவோ கதவு திறக்கும் என்று நிற்கிறவள் போல. திரும்பி வந்து மறுபடி புகுந்தாள். ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மாஸ்டரம்மாவின் கால் தரையில் தானாகத் துள்ளியது. அதை அவளே குனிந்து பார்த்தாள். பார்த்தபோது அவளுக்குத் தன்மேல் அருவருப்பாக இருந்தது. மூன்றாம் தடவை ஆபரேட்டர் முதுகைக் காட்டியபோது ரொட்டிக்காரி அவளைப் பின்பக்கமாகச் சாய்த்து, மேலே படுத்து அமுக்கிக்கொண்டாள். குறிப்பிட்ட நேரம் எழவிடாமல் அமுக்கிவைத்தால் ஜெயித்த கணக்கு. நடுவர் நேரம் சொல்லிக் கை தூக்கினார். அவ்வளவுதான். ஆறு வருஷம் அவ்வளவு சீக்கிரத்தில் முடிந்துவிட்டது. அணியில் ரொட்டிக்காரிக்கு இடம் கிடைத்தது.

திரும்பும் பஸ்ஸில் ஆபரேட்டர் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். மடக்கிய தடியை மடியில் உருட்டிக்கொண்டே வந்தாள். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள்.

"நான் எல்லாம் சரியாத்தானே செஞ்சேன். அவ ஏன் விழல?"

இடம் சரியில்லை, இன்று உனக்கு நேரம் சரியில்லை என்று எதையாவது சொல்லியிருக்கலாம். மாஸ்டரம்மாவுக்கு வாய் வரை வந்தது. ஆனால் அதற்குமேல் பொய் சொல்லக்கூட அவளுக்குத் தெம்பில்லை.

"நீ சரியாச் செய்யலம்மா. நான்தான் விழுந்துட்டிருந்தேன். நீ தூக்கறதுக்கு முன்னாடியே நானே துள்ளி விழுந்துட்டிருந்தேன்."

எத்தனை நாளாக என்று அவள் கேட்டாள். போன மழைக்காலத்திலிருந்து என்று இவள் சொன்னாள். கழுத்தைப் பற்றியும், விரல் மரத்ததைப் பற்றியும், டாக்டர் சொன்னதைப் பற்றியும் சொன்னாள். தபால்காரி வந்த அன்றே தனக்குத் தெரிந்துவிட்டது என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். எல்லாவற்றிலும் அதுதான் ஆபரேட்டருக்குச் சுட்டது.

"அப்ப இத்தனை நாளா நான் உங்களுக்கு ஒப்புக்குச் சப்பாணியா?"

"அப்படி இல்லடி."

"கண்ணு தெரியாதவ, பறந்தீங்கன்னு சொல்லிச் சந்தோஷப்பட்டுக்கறா, பட்டுக்கட்டும்னு விட்டீங்க. ரோட்டைக் கடக்கும்போது கேக்காம கையப் பிடிச்சு இழுக்கறாங்களே, அவங்க எவ்வளவோ மேல். அவங்க பிடிச்சது எனக்குத் தெரியும்."

அவள் குரல் உயரவே இல்லை. போனில் பேசுகிற குரலிலேயே சொன்னாள். அடுத்த நிறுத்தத்தில் தடியை விரித்துக்கொண்டு இறங்கிவிட்டாள். அது அவள் நிறுத்தம் இல்லை. பஸ் நகர்ந்தது. அவள் எந்தப் பக்கம் போகிறாள் என்று பார்க்க மாஸ்டரம்மாவால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை. உடம்பைத் திருப்பி எழுவதற்குள் தெரு மாறிவிட்டது.

அதற்கப்புறம் ஆபரேட்டர் கூடத்துக்கு வரவில்லை. மாஸ்டரம்மா ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். பழக்கப்பட்ட குரல், எந்த வார்டு வேண்டும் என்று கேட்டது. உன்கிட்டதாம்மா பேசணும் என்றாள். அதே குரல், அதே பவ்யம்.

"மன்னிக்கணும், அந்த இணைப்பு இப்ப வேலை செய்யல."

வைத்துவிட்டாள். இன்னொரு நாள் அழைத்தபோதும் அதேதான். மூன்றாவது தடவை அழைக்க மாஸ்டரம்மாவுக்கு மனசு வரவில்லை.

கிளப் செயலாளரிடம் போய், மாசக் கடைசியோடு நின்றுகொள்கிறேன் என்று சொன்னாள். அவர் வருத்தப்பட முயற்சி செய்தார். பாதி வருத்தத்திலேயே, அந்த இடத்தில் டேபிள் டென்னிஸ் மேஜை இரண்டு போடலாம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, போர்டில் அவள் பெயரைப் போடுவதாக ஆறுதல் சொன்னார். எந்தப் போர்டு என்று அவள் கேட்கவில்லை. வீட்டுக்காரருக்கு நிம்மதி. இனிமேல் இந்த முரட்டுக் காலரோடு மல்லுக்கட்ட வேண்டாம் என்றார், ஆனால் அவளுடைய உடுப்பைத் துவைத்து மடித்து அலமாரியின் மேல்தட்டில் அவரே வைத்தார். அவள் பட்டையைப் போட்டுக்கொண்டு கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். ஆசைப்பட்ட மாதிரியே வீட்டில் கிடக்கிறாள். ஒரு நிமிஷம் நிம்மதி இல்லை. முப்பது வருஷமாக ஒரே ஒரு வார்த்தை வைத்திருந்தாள், அதையும் கெடுத்துக்கொண்டாள். நினைக்க நினைக்க நெஞ்சு எரிந்தது. யாரிடம் போய்ச் சொல்லி ஆற்றிக்கொள்வது?

மாசக் கடைசிக்குள் ஒரு மத்தியானம். பிள்ளைகளை முன்பே நிறுத்தியாயிற்று. மெத்தைகளை அடுக்கிக் கணக்கு ஒப்படைக்கலாம் என்று மாஸ்டரம்மா கூடத்தில் தனியாக இருந்தாள். படியில் தடி தட்டும் சத்தம் கேட்டது. ஆபரேட்டர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினாள். ஏற்கெனவே உடுப்பைப் போட்டுக்கொண்டு, அதன்மேல் கோட்டு மாட்டியிருந்தாள்.

மன்னிப்பு, விசாரிப்பு, ஒன்றும் கிடையாது. வந்த வேலையைச் சொன்னாள். இத்தனை நாளும் பஸ் பிடித்துத் தபால்காரியின் கிளப்புக்குப் போய்க்கொண்டிருந்தாளாம். அங்கே ஒருத்தியும் அவளுக்காக விழவில்லையாம். ஆள் மாற்றி ஆள் அவளைப் போட்டார்களாம். கோட்டைக் கழற்றிக் கையைச் சுருட்டியபோது முழங்கை எல்லாம் நீலம் பாய்ந்திருந்தது, மாஸ்டரம்மா பார்த்தாள்.

"அங்கேயே சேந்துட்டேன், மாஸ்டரம்மா. அடுத்த மாசத்துலேருந்து அங்கதான்."

"நல்லதும்மா." வேறு என்ன சொல்வாள்? வலித்தது. வலிக்கிறது என்று சொல்ல அவளுக்கு உரிமை இல்லை.

"ஆனா இந்த வீச்சு உங்ககிட்ட கத்துக்கிட்டது. தப்பும் உங்ககிட்டதான் கத்துக்கிட்டேன். உங்ககிட்டயே சரி பண்ணிட்டுப் போகணும். நில்லுங்க. துள்ளினீங்கன்னா இப்ப எனக்குத் தெரியும்."

மாஸ்டரம்மா கூடத்து அலமாரியில் கிடந்த பழைய உடுப்பு ஒன்றை மாட்டிக்கொண்டு, கழுத்துப் பட்டையைக் கழற்றிப் பெஞ்சில் வைத்தாள். வீட்டுக்காரர் பார்த்திருந்தால் கத்தியிருப்பார். டாக்டர் பார்த்திருந்தால் என்ன செய்திருப்பாரோ. அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. நிஜ வீச்சு வந்தால் நிஜமாக விழ வேண்டும். வந்தால் விழுவது, ஆவது ஆகட்டும் என்று தீர்மானம் செய்துகொண்டு மெத்தை நடுவில் போய் நின்றாள். ஆபரேட்டர் வந்து காலரைத் தேடிப் பிடித்தாள்.

புகுந்தாள். மாஸ்டரம்மா நின்றாள். கால் துள்ளப் பார்த்தது, பல்லைக் கடித்துக்கொண்டு அதை அடக்கினாள். மறுபடி புகுந்தாள். கை இழுக்கவில்லை என்று இவள் சொன்னாள். மறுபடி. இப்போது இழுக்கிறாய், ஆனால் கீழே இழுக்கிறாய், மேலே, உன் காதுக்கு நேராக என்றாள். மறுபடி. இரண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. ஆபரேட்டர் வாய்க்குள் ஏதோ திட்டினாள், மாஸ்டரம்மாவையா தன்னையா என்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் பொருத்தம்தான். என் எடை இன்னும் குதிகாலில்தான் இருக்கிறது, அதை விரலுக்குக் கொண்டுவா, அதற்கப்புறம் புகு என்று மாஸ்டரம்மா சொன்னாள். பழைய கறார்க் குரல் அவளுக்கே தெரியாமல் வந்திருந்தது.

எத்தனையாவது தடவையோ, அது வந்தது. ஆபரேட்டரின் கை மேலே போயிற்று, மாஸ்டரம்மாவின் குதிகால் மெத்தையை விட்டது, அவளைக் கேட்காமல் விட்டது. எடை முழுக்க விரல் நுனிக்கு வந்துவிட்டது. அடியில் இடுப்பு புகுந்தது. கால்கள் காற்றில் போயின. இனி அவள் கையில் ஒன்றும் இல்லை. தாடையை நெஞ்சோடு ஒட்டிக்கொண்டாள், கண்ணை மூடிக்கொண்டாள், அறையக் கையை ஓங்கிக்கொண்டு மெத்தைக்காகக் காத்திருந்தாள்.

மெத்தை வரவில்லை. ஆபரேட்டர் அவளை இடுப்பின்மேல் அப்படியே வைத்துக்கொண்டு நின்றாள். கால் நடுங்கியது, மூச்சு இரைத்தது, ஆனாலும் நின்றாள். பிறகு முழங்காலை மடக்கி, மெல்லத் திரும்பி, மாஸ்டரம்மாவின் ஒரு காலை முதலில் தரையில் படவிட்டு, அது ஊன்றியது தெரிந்தபின் மற்றக் காலையும் இறக்கினாள்.

"வந்துச்சா?"

"வந்துச்சும்மா." மாஸ்டரம்மா குதிகாலால் மெத்தையை அழுத்திப் பார்த்தாள். "போட்டிருக்கணும் நீ. போட்டாத்தான் முடியும்."

"தூக்கிட்டேன்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும். போடறதுக்கு அந்த ஊர்ல ஆள் நிறைய இருக்கு."

அந்த மெத்தைமேல் அவளை எத்தனையோ பேர் தூக்கியிருக்கிறார்கள். தூக்கிய எல்லோரும் போட்டார்கள், போடச் சொன்னதும் அவள்தான். ஒருத்தர்கூட இறக்கிவிட்டதில்லை. இறக்கிவிட்டால் எப்படி இருக்கும் என்பது ஐம்பத்தேழு வயசில்தான் அவளுக்குத் தெரிந்தது. நின்ற இடத்திலேயே அழுதாள். சத்தம் வெளியே வராமல் இருக்க முயன்றாள், முடியவில்லை. ஆபரேட்டர் பிடித்த காலரை விடவில்லை.